தண்ணி லாரி உரசிட்டுப் போயிடுச்சு: 14,800 ரூபாய்க்கு கிளைம் போடலாமா, கைக்காசு போடலாமா?

மடிப்பாக்கத்தான்

எல்லாருக்கும் வணக்கம். எங்க தெருவுல தண்ணி லாரி திரும்புறதே பெரும்பாடு. போன வாரம் விடியக்காலைல வாசல்ல நின்ன என் வண்டியை ஒரு லாரி உரசிட்டு நிக்காம போயிருக்கு. பின் பம்பர் இடது மூலை கிழிஞ்சிருக்கு. பின் இடது கதவுல உள்ளங்கை அகலத்துக்கு ஒரு டென்ட், அது மேல லாரியோட நீலப் பெயிண்ட் கோடா இழுபட்டிருக்கு. கதவு ஒழுங்கா திறந்து மூடுது, பின் லைட்டுக்கு ஒண்ணும் ஆகலை.

வண்டி 1197 சிசி பெட்ரோல் ஹேட்ச்பேக், நாலு வயசு முடியப்போகுது. இதுவரைக்கும் கிளைம் போட்டதே இல்லை. ஜீரோ டெப் (பாகங்களோட தேய்மானத்தைக் கழிக்காம முழுசா தர்ற ஆட்-ஆன்) இருக்கு. ரினீவலுக்கு இன்னும் ரெண்டு மாசம்.

சர்வீஸ் சென்டர் எஸ்டிமேட், ஜி.எஸ்.டி. சேர்த்து: புது பம்பர் 4,200, பம்பர் பெயிண்டிங் 3,600, கதவு டிங்கரிங் பெயிண்டிங் 5,400, கழற்றி மாட்டுற கூலி, கிளிப் வகையறா 1,600. மொத்தம் 14,800.

"ஜீரோ டெப் இருக்கே சார், ஆயிரம் ரூபா மட்டும் கட்டுங்க, மீதியை இன்சூரன்ஸ் பார்த்துக்கும்"ங்கிறார் அட்வைசர். வீட்டுப் பக்கத்துல இருக்குற டிங்கரிங் கடையில பம்பரை மாத்தாம ஒட்டி, பெயிண்ட் அடிச்சுத் தர 7,500 கேக்குறாங்க. வருஷா வருஷம் பிரீமியம் கட்டுறோம், நம்ம மேல தப்பே இல்லாத ஒரு இடிக்கு ஏன் கைக்காசு போடணும்னு வீட்ல கேக்குறாங்க. அதுவும் நியாயமாத்தான் படுது. அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

ஓஎம்ஆர்_ஓட்டி

இதுல யோசிக்க என்ன இருக்கு ப்ரோ, கிளைம் போடுங்க. ஜீரோ டெப்புக்குத் தனியா காசு கட்டுனதே இதுக்குத்தான். ஆயிரம் ரூபாயில புது பம்பர் கிடைக்கும்போது 7,500 கொடுத்து ஒட்டுப்போட்ட பம்பர் எதுக்கு?

கணக்குப்பிள்ளை_மதுரை

அந்த ஆயிரம் ரூபாய்ங்கிறது இன்னிக்கு கவுண்டர்ல கட்டுற காசு. மீதி உங்ககிட்டதான் ரினீவலுக்கு ரினீவல் கொஞ்சம் கொஞ்சமா வசூலாகும். தம்பி, பாலிசியை எடுத்து ஓன் டேமேஜ் (நம்ம வண்டிச் சேதத்துக்கான பங்கு) பிரீமியம் எவ்வளவு, அதுல நோ கிளைம் போனஸ், அதாவது என்.சி.பி., எத்தனை சதவீதம் கழிச்சிருக்காங்கன்னு பார்த்துச் சொல்லுங்க. மொத்த பிரீமியத்தைச் சொல்ல வேண்டாம். அதுல தேர்ட் பார்ட்டி (நம்ம வண்டியால அடுத்தவங்களுக்கு ஆகுற சேதத்துக்கான) பங்கும் சேர்ந்திருக்கும், 2022 கட்டணப்படி உங்க வண்டிக்கு அது 3,416 ரூபாய். என்.சி.பி. அந்தப் பங்குல கழியாது, ஓன் டேமேஜ்ல மட்டும்தான் கழியும்.

மடிப்பாக்கத்தான்

பார்த்துட்டேன் அண்ணா. இந்த வருஷம் என்.சி.பி. 35%. வர்ற ரினீவலுக்கு போனஸ் கழிக்கிறதுக்கு முன்னாடி ஓன் டேமேஜ் 9,000 பக்கம் வரும்னு ஏஜென்ட் சொன்னார்.

கணக்குப்பிள்ளை_மதுரை

சரி, இப்போ போட்டுப் பாத்துருவோம். கொஞ்சம் நீளமா இருக்கும், பொறுத்துக்கோங்க.

கிளைம் இல்லாத ஒவ்வொரு வருஷத்துக்கும் என்.சி.பி. ஏறும்: 20, 25, 35, 45, 50 சதவீதம். 50-க்கு மேல ஏறாது. நடுவுல ஒரே ஒரு ஓன் டேமேஜ் கிளைம் வாங்கினாலும் அடுத்த ரினீவல்ல பூஜ்யம், அதுக்கப்புறம் திரும்ப 20-லேருந்து ஏறணும். ரெண்டாயிரம் ரூபாய் வாங்கினாலும் பூஜ்யம்தான், ரெண்டு லட்சம் வாங்கினாலும் பூஜ்யம்தான். சின்ன கிளைம்ல யோசிக்கச் சொல்றது இதனாலதான்.

நீங்க கிளைம் போடலைன்னா வர்ற ரினீவல்லேருந்து 45, 50, 50, 50, 50. போட்டா 0, 20, 25, 35, 45. வித்தியாசம் வருஷ வரிசையில 45, 30, 25, 15, 5. கூட்டினா 120 சதவீதம். அதாவது ஒரு முழு வருஷ ஓன் டேமேஜ் பிரீமியத்தை விடவும் ஒரு படி கூடுதல். பல பேரு முதல் வருஷ இழப்பை மட்டும் பாத்துட்டு "நாலாயிரம்தானே"ன்னு விட்டுடறாங்க.

வண்டி பழசாக ஆக ஐ.டி.வி. (இன்சூரன்ஸ்ல வண்டிக்குப் போடுற மதிப்பு) குறையும், பிரீமியமும் குறையும். அதனால 9,000, 8,300, 7,700, 7,100, 6,600-னு வெச்சுக்குவோம். இழப்பு 4,050 + 2,490 + 1,925 + 1,065 + 330 = 9,860. பிரீமியத்து மேல 18% ஜி.எஸ்.டி. இருக்கே, அதையும் சேர்த்தா சுமார் 11,635.

உங்க வண்டி 1500 சிசிக்குள்ள, அதனால கட்டாயப் பிடித்தம் (ஒவ்வொரு கிளைம்லயும் நாம கட்டியே ஆகவேண்டிய பங்கு) 1,000. அதுக்கு மேற்பட்ட சிசின்னா 2,000. ஆக அட்வைசர் சொல்ற "ஆயிரம் ரூபாய்" வேலைக்கு நிஜமா நீங்க கட்டப்போறது 12,635. வெளில 7,500. சர்வீஸ் சென்டர்லயே கைக்காசு போட்டுச் செஞ்சாலும் வித்தியாசம் ரெண்டாயிரம் சொச்சம்தான்.

ஜீரோ டெப் இல்லாதவங்களுக்கு இன்னும் மோசம். பிளாஸ்டிக் பாகத்துக்குப் பாதிதான் தருவாங்க, பம்பர்ல 2,100 போச்சு. பெயிண்டிங் பில்லுல கால் பங்கை மெட்டீரியல்னு எடுத்து அதுலயும் பாதி கழிப்பாங்க.

ஓஎம்ஆர்_ஓட்டி

இந்தக் கணக்கு சரிதான், ஒத்துக்கறேன். ஆனா ஒரு சந்தேகம். அஞ்சு வருஷம் வேற எந்த கிளைமும் வராதுன்னு வெச்சுத்தானே இந்த 120 வருது? சென்னையில தினம் வேளச்சேரி ரோட்டுல ஓட்டுறவனுக்கு அப்படி அமையுமா? அடுத்த வருஷம் மழை வெள்ளத்துலயோ இடிலயோ பெரிய கிளைம் ஒண்ணு வந்தா, எப்படியும் என்.சி.பி. போகத்தானே போகுது.

கணக்குப்பிள்ளை_மதுரை

நல்ல கேள்வி. அப்படி நடந்தா இழப்பு முன்னாடியே நின்னுடும். வர்ற ரினீவல்ல 45, அடுத்த வருஷம் பெரிய கிளைம் வந்தா அதுக்கப்புறம் ரெண்டு வழியிலயும் பூஜ்யம்தான். ஆக 4,050-ம் வரியும், 4,780 பக்கம். அப்போ கிளைம் போட்டிருந்தா மொத்தச் செலவு 5,780, வெளிக்கடை 7,500. கிளைம்தான் மேல். இப்படி ஓட்டுறவர், நிறுத்துற இடம், ஊரு எல்லாத்தையும் வெச்சு அவங்கவங்க எடை போட்டுக்கணும். ஆனா "எப்படியும் ஏதாவது வரும்"னு நம்பி இப்பவே போனஸைக் கரைக்கிறதுல எனக்குச் சம்மதமில்லை. நாலு வருஷம் ஒண்ணுமில்லாம ஓட்டின மனுஷன் இவரு.

இன்னொண்ணு: இதே பாலிசி வருஷத்துல ஏற்கெனவே ஒரு கிளைம் வாங்கியிருந்தா, போனஸ் போனது போனதுதான். ரெண்டாவது சின்ன கிளைமுக்கு மேற்கொண்டு போனஸ் இழப்பு கிடையாது. ஜீரோ டெப்புக்கு வருஷத்துக்கு ரெண்டு கிளைம்னு வரம்பு வெச்சிருப்பாங்க பல பாலிசில, அதை மட்டும் பாத்துக்கணும்.

கோவை_பெயிண்டர்

வணக்கமுங்க. நான் பட்டறை வெச்சிருக்கறவன், அந்தப் பக்கத்துலேருந்து சொல்றேன்.

பம்பரையும் கதவையும் ஒண்ணா வெச்சு யோசிக்காதீங்க. பம்பர் பிளாஸ்டிக்கு, துருப்பிடிக்காது. மாசக்கணக்குல அப்படியே ஓட்டுனாலும் அசிங்கமா இருக்குமே தவிர கெட்டுப்போகாது. கதவு தகரமுங்க. டென்ட் விழுந்த இடத்துல நகத்தை வெச்சு மெதுவா கீறிப்பாருங்க. பெயிண்ட் அடியோட பேந்து வெள்ளித் தகரம் தெரிஞ்சா தள்ளிப்போடாதீங்க, உங்க ஊரு உப்புக்காத்துக்கு சீக்கிரமே செந்நிறம் ஏறிரும். பெயிண்ட் உடையாம வெறும் குழி மட்டும்னா, பெயிண்ட் அடிக்காமயே உள்ளயிருந்து கம்பி விட்டு நெம்பி எடுக்கற ஆளுங்க இருக்காங்க, செலவு கம்மி, கம்பெனி பெயிண்டும் தப்பிச்சுக்கும். நீலக்கோடு லாரி பெயிண்டுதான், பாதி பாலிஷ் பண்ற காம்பவுண்ட் பசை போட்டுத் தேய்ச்சாலே போயிருமுங்க.

முக்கியமான விசயம்: முடிவு பண்றதுக்கு முன்னாடி பம்பரைக் கழற்றச் சொல்லிப் பாருங்க. வெளிய மூலை கிழிஞ்சிருக்கும், உள்ள பக்கவாட்டு பிராக்கெட் ஒடிஞ்சிருக்கலாம், அதுக்குப் பின்னாடி பாடி தகரம் உள்ள போயிருக்கலாம். பார்க்கிங் சென்சார் ஒயர் அறுந்திருக்கலாம். 14,800 அப்படியே 30,000 ஆகறதும் உண்டு. அப்ப கணக்கு தலைகீழாயிருமுங்க.

வெளிக்கடைல கேக்கவேண்டிய கேள்வி: தூசி புகாம பெயிண்ட் அடிக்கற பூத் இருக்குதா, ஹார்டனர் கலந்து அடிக்கற டூ கே பெயிண்ட்டா, எத்தனை வருசம் உத்தரவாதம். வண்டி என்ன கலருங்க? வெள்ளைன்னா பரவாயில்லை. சில்வர், மெட்டாலிக்னா கதவுல அடிச்ச கலரைப் பக்கத்துப் பேனல் வரைக்கும் மங்கலா இழுத்து விடோணும், இல்லாட்டி வெயில்ல நின்னாக் கதவு மட்டும் தனியாத் தெரியும்.

மடிப்பாக்கத்தான்

நன்றிங்க. வண்டி சாம்பல் மெட்டாலிக். சனிக்கிழமை பம்பரைக் கழற்றிப் பார்க்கச் சொல்லியிருக்கேன்.

இதுக்கு நடுவுல சர்வீஸ் சென்டர்லேருந்து திரும்பக் கூப்பிட்டாங்க. முன் பம்பர்ல பழைய கீறல் ஒண்ணு இருக்கு, வலது கதவுல ஷாப்பிங் மால் பார்க்கிங்ல வாங்கின சின்ன டென்ட் ஒண்ணு இருக்கு. "எப்படியும் கிளைம் போடுறீங்க, அதையும் இதுலயே சேர்த்துடலாம், அப்போ உங்களுக்கு லாபம்தானே"ங்கிறாங்க. இதைப் பத்தி என்ன நினைக்கிறீங்க?

சர்வேயர்_ஓய்வு

இந்த இடத்தில் நான் குறுக்கிட வேண்டும். பல ஆண்டுகள் வாகனச் சேதங்களை மதிப்பிட்டவன் நான். இதைச் செய்யாதீர்கள்.

கிளைம் படிவத்தில் ஒரு விபத்து, ஒரு தேதி, ஒரு காரணம் எழுதிக் கையெழுத்துப் போடுவது நீங்கள். சர்வீஸ் சென்டர் அல்ல. இடது பின்பக்கம் உரசிய லாரி முன் பம்பரைக் கீறியிருக்க முடியாது. சர்வேயர் முதலில் பார்ப்பது அடி வந்த திசை. அடுத்து உயரம்: லாரியின் பக்கவாட்டுக் கம்பி உரசிய உயரத்தில்தான் கோடு இருக்க வேண்டும். பிறகு கிழிசலின் ஓரம். புதிதாகக் கிழிந்த பிளாஸ்டிக்கின் உட்பகுதி சுத்தமாக இருக்கும்; பழையதில் தூசியும் கழுவிய சோப்பின் படிவும் இறங்கியிருக்கும். தகரத்தில் துரு சொல்லிவிடும். கைப்பேசியில் புகைப்படம் அனுப்பிச் செய்யும் மதிப்பீட்டிலும் இவை தெரியும்.

பொய்த் தகவல் என்று நிறுவனம் முடிவு செய்தால் பழைய கீறலை மட்டும் விலக்கிவிட்டு மீதியைத் தர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. முழுக் கோரிக்கையும் விழலாம். உண்மையான சேதத்துக்கு உங்களுக்கிருந்த உரிமையும் அதனுடன் போகும். தனித்தனி விபத்து என்றால் தனித்தனி கிளைம், ஒவ்வொன்றுக்கும் தனியாக ஆயிரம் ரூபாய் பிடித்தம். அதுதான் முறை.

சட்டத்துக்கு அஞ்சி மட்டும் இதைச் சொல்லவில்லை. இப்படிச் சேர்க்கப்படும் ஒவ்வொரு பேனலும் எல்லோருடைய பிரீமியத்திலும் வந்து ஏறுகிறது. ஒழுங்காக ஓட்டுகிறவர்தான் அதைக் கட்டுகிறார்.

ஓஎம்ஆர்_ஓட்டி

சார், நீங்க இருக்கும்போதே கேட்டுடறேன். இது அவர் தப்பே இல்லையே, நின்ன வண்டியை இடிச்சிருக்காங்க. அப்பவும் போனஸ் போகுமா? லாரிக்காரர் இன்சூரன்ஸ்லேருந்து வாங்க முடியாதா?

சர்வேயர்_ஓய்வு

போகும். நோ கிளைம் போனஸ் என்பது கிளைம் வாங்காததற்கான சலுகை. தவறு யாருடையது என்று அது பார்ப்பதில்லை. பலருக்கு இது அநியாயமாகத் தெரிகிறது, ஆனால் நடைமுறை இதுதான்.

லாரி எண் தெரிந்தால் அதன் தேர்ட் பார்ட்டி பாலிசியில் சொத்துச் சேதத்துக்கு 7.5 லட்சம் வரை இடமுண்டு. ஆனால் அதற்குப் போக வேண்டிய இடம் மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம். சென்னையில் சிறு வழக்குகள் நீதிமன்றத்தில் இருக்கிறது. காவல்நிலையப் புகார், வழக்கறிஞர், வாய்தா என்று போய் வருவது 14,800 ரூபாய்க்குக் கட்டுப்படியாகாது. எதிர்வீட்டு சிசிடிவியில் எண் கிடைத்தால் லாரி உரிமையாளரிடம் நேரில் பேசிப் பாருங்கள். வழக்கமாக அதே தெருவுக்குத் தண்ணீர் கொண்டுவரும் லாரியாக இருந்தால் பேசினால் பணியும் வாய்ப்பு அதிகம்.

யாருக்காவது காயம் பட்டிருந்தால் இந்தக் கணக்கு எதுவும் செல்லாது. உடனே காவல்துறைக்கும் இன்சூரன்ஸுக்கும் சொல்லியே ஆக வேண்டும். "நமக்குள் முடித்துக்கொள்வோம்" என்று காசு கொடுத்து அனுப்பிவிட்டுப் பிறகு சம்மன் வாங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். தேர்ட் பார்ட்டி கோரிக்கை வந்தால் அதனால் மட்டும் உங்கள் என்.சி.பி. போகாது.

நெல்லைச்சீமை

நடுவுல ஒரு சந்தேகம் அண்ணாச்சி. இப்போதைக்கு இன்சூரன்ஸுக்குத் தகவல் மட்டும் சொல்லி வெச்சுட்டு, பம்பரைக் கழற்றிப் பாத்த பிறகு வேண்டாம்னு விட்டா போனஸ் போயிருமா?

சர்வேயர்_ஓய்வு

பணம் எதுவும் தரப்படாமல் மூடப்பட்ட கிளைமுக்குப் பொதுவாகப் போனஸ் போவதில்லை. ஆனால் வாய்வார்த்தையில் விடாதீர்கள். வேண்டாம் என்று மின்னஞ்சல் அனுப்பி, மூடிவிட்டோம் என்ற பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். ரினீவல் நாளில் அந்தக் கிளைம் நிலுவையில் இருந்தால் போனஸ் தராமல் நிறுத்திவைப்பார்கள், பிறகு நீங்கள் அலைய வேண்டும். இவருக்கு ரினீவல் நெருங்குகிறது, ஆகவே கூடுதல் கவனம் தேவை. கிளைம் போடுவதே நோக்கம் என்றால் தகவல் சொல்லத் தாமதிக்கவும் கூடாது.

கணக்குப்பிள்ளை_மதுரை

தம்பி, கேக்க மறந்த ரெண்டு கேள்வி. பாலிசில என்.சி.பி. ப்ரொடெக்ட்னு, கிளைம் போட்டாலும் போனஸைக் காப்பாத்துற ஆட்-ஆன் ஏதாவது இருக்கா? இருந்தா மேல போட்ட கணக்கையே அழிச்சுடலாம், தாராளமா கிளைம் போடுங்க. அப்புறம், இந்த வண்டியை எத்தனை வருஷம் வெச்சிருக்கறதா உத்தேசம்?

மடிப்பாக்கத்தான்

ப்ரொடெக்ட் இல்லை அண்ணா. வண்டியை அடுத்த வருஷம் கொடுத்துட்டு கொஞ்சம் பெருசா ஒண்ணு வாங்கலாம்னு பேச்சு நடக்குது. எப்படியும் விக்கப்போற வண்டிதானே, இதோட போனஸ் போனா என்ன?

கணக்குப்பிள்ளை_மதுரை

அய்யய்யோ, அங்கதான் விஷயமே இருக்கு. என்.சி.பி. வண்டியோட போறதில்ல, உங்களோட வரும். வித்தப்போ இன்சூரன்ஸ் கம்பெனிகிட்ட போனஸ் சான்றிதழ் வாங்கிட்டா மூணு வருஷத்துக்குள்ள வாங்குற புது வண்டில அதைப் பயன்படுத்தலாம். பழைய பாலிசி முடிஞ்சு 90 நாளுக்கு மேல ரினீவல் பண்ணாம விட்டா மட்டும் போயிடும்.

புது வண்டிக்கு ஓன் டேமேஜ் 20,000-னு வைங்க. பிறகு 18,500, 17,000, 15,500-னு இறங்கும். வர்ற ரினீவல்ல பழைய வண்டில 4,050 இழப்பு. அடுத்த வருஷம் புது வண்டில 50% கிடைக்க வேண்டிய இடத்துல 20% கிடைக்கும், 6,000 இழப்பு. அப்புறம் 4,625, 2,550, 775. மொத்தம் 18,000. வரியோட 21,240.

14,800 ரூபாய் வேலைக்கு 21,000 விட்டுக்கொடுக்கறதா? புது வண்டி வாங்கப்போறவங்க போனஸைப் பத்திரமா வெச்சுக்கணும், அது கைல இருக்குற காசு.

டீலர்கிட்ட "எனக்கு 50% இருக்கு"ன்னு பொய் சொல்லி வாங்கிக்கலாம்னு யாராவது ஐடியா கொடுத்தா கேக்காதீங்க. கம்பெனிகளுக்கிடையில கிளைம் விவரம் சரிபார்க்கற வழி இருக்கு. பின்னாடி பெரிய கிளைம் வரும்போது இதைக் காட்டி மடக்குவாங்க.

மடிப்பாக்கத்தான்

பம்பரைக் கழற்றிப் பாத்தாச்சு. இடது பிராக்கெட் மட்டும் ஒடிஞ்சிருக்கு, பின்னாடி தகரம் நேரா இருக்கு, சென்சார் ஒயர் நல்லா இருக்கு. கதவுல நாலு விரல் அகலத்துக்கு வெள்ளித் தகரம் தெரியுது. கோவை அண்ணன் சொன்னபடி கேட்டதுல பூத் இருக்குற கடை ஒண்ணு 8,900 சொன்னாங்க, பிராக்கெட் புதுசு, பம்பர் ஒட்டு, கதவு பெயிண்டிங், பக்கத்துப் பேனல் வரைக்கும் இழுத்து விடுறது எல்லாம் சேர்த்து. அங்கயே கொடுத்துட்டேன். கிளைம் போடலை. எதிர்வீட்டு கேமராவுல லாரி தெரியுது, நம்பர் தெரியலை.

வீட்ல கணக்கைக் காட்டினேன், ஒத்துக்கிட்டாங்க. ரினீவல்ல என்.சி.பி. ப்ரொடெக்ட் எவ்வளவு சொல்றாங்கன்னு கேக்கப்போறேன்.

கோவை_பெயிண்டர்

நல்லதுங்க. வண்டி வந்ததும் வெயில்ல நிறுத்திப் பாத்து வாங்குங்க, பட்டறைக்குள்ள டியூப்லைட்டுல எல்லாக் கலரும் ஒண்ணாத்தான் தெரியும். ஒரு மாசத்துக்கு மெழுகு பாலிஷ் எதுவும் போடாதீங்க.

நெல்லைச்சீமை

எனக்கும் ஒரு வழி சொல்லுங்க. மதுரையிலேருந்து வரும்போது கோவில்பட்டி தாண்டி முன்னால போன ஜல்லி லாரியிலேருந்து ஒரு கல்லு தெறிச்சு முன் கண்ணாடில விரிசல். முதல்ல ஒரு பொட்டுதான் இருந்துச்சு, இப்போ கைநீளத்துக்கு ஓடிட்டு. வண்டி வாங்கி எட்டு மாசம்தான் ஆகுது. ஓன் டேமேஜ் 11,000. கண்ணாடி மாத்த 13,500 கேக்காவ. மேல சொன்ன கணக்குப்படி நானும் கைக்காசுதான் போடணுமோ?

கணக்குப்பிள்ளை_மதுரை

இல்லம்மா, உங்களுக்குக் கணக்கு வேற. நீங்க ஏணில முதல் படிகூட இன்னும் ஏறலை. கிளைம் இல்லைன்னா 20, 25, 35, 45, 50. போட்டா 0, 20, 25, 35, 45. வித்தியாசம் 20, 5, 10, 10, 5, ஆக 50-தான். உங்க பிரீமியத்துக்கு வரியோட ஆறாயிரத்துக்குள்ள வரும். அவருக்கு 120 வந்துச்சு, பாருங்க.

கண்ணாடிக்குத் தேய்மானக் கழிவும் கிடையாது, ஜீரோ டெப் இல்லாட்டியும் முழுசா வரும். பிடித்தம் ஆயிரமோ ரெண்டாயிரமோ போக மீதி கிடைக்கும். கிளைம் போடுங்க. அதுக்கு முன்னாடி பாலிசியைப் புரட்டிப் பாருங்க, கண்ணாடி மட்டும் மாத்தினா போனஸ் போகாதுன்னு சில பாலிசில எழுதியிருக்கும்.

சர்வேயர்_ஓய்வு

கண்ணாடிக்குப் பின்னால் கேமரா இருக்கும் வண்டியா என்று பாருங்கள். அப்படியானால் மாற்றிய பிறகு கேமராவைச் சீரமைக்க வேண்டும், அந்தச் செலவும் எஸ்டிமேட்டில் இருக்கட்டும். அதுவரை ஏசி காற்றை நேராகக் கண்ணாடிமேல் விடாதீர்கள், உச்சி வெயிலில் நிறுத்தாதீர்கள். சூடும் குளிரும் மாறி மாறிப் பட்டால் விரிசல் ஓடும்.

நெல்லைச்சீமை

கேமரா இல்லை அண்ணாச்சி. இன்னிக்கே தகவல் சொல்லிடுதேன். ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி.